பாஸ்வேர்டும் இல்லை, ஓடிபியும் இல்லை: 'பாஸ்கீ' நம் அம்மா, அப்பாவுக்குக் கைகொடுக்குமா?

"தம்பி, போன்ல ஏதோ கேக்குது. ஓகே கொடுக்கவா, வேண்டாமா?"

ஊரில் இருக்கும் அம்மாவிடமிருந்து வேலை நேரத்தில் இப்படி ஒரு அழைப்பு வராத பிள்ளைகள் குறைவு. சமீபத்தில் எனக்கும் வந்தது. ஒரு ஷாப்பிங் செயலியில் குக்கர் கேஸ்கட் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார் அம்மா. பணம் கட்டப் போகும் நேரத்தில் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்தது. 'பாஸ்கீ உருவாக்கவா?' என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. கீழே இரண்டு பட்டன். "என்னன்னே புரியல. எதுக்கு வம்புன்னு வெளிய வந்துட்டேன்" என்றார். ஆர்டரும் போச்சு.

அம்மா செய்ததில் தப்பே இல்லை. 'தெரியாத எதையும் அமுக்காதீங்க' என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தான். ஆனால் அவர் பயந்து மூடிய அந்தப் பெட்டிக்குள் இருந்தது, ஆன்லைன் மோசடிகள் பலவற்றைத் தடுக்கக்கூடிய ஒரு வசதி.

பாஸ்கீ என்றால் என்ன, அது ஏன் இப்போது பேசப்படுகிறது, நல்ல தொழில்நுட்பம் என்றால் மக்கள் ஏன் அதைப் பார்த்து ஒதுங்குகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாஸ்கீ என்றால் என்ன?

பாஸ்வேர்டு என்பது ஒரு ரகசியச் சொல். அது உங்களுக்கும் தெரியும், அந்த நிறுவனத்தின் கணினிக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் தெரியும். ரகசியம் இரண்டு இடத்தில் இருந்தால், எந்த இடத்திலிருந்தும் கசியலாம்.

இது இன்று நேற்று வந்த பிரச்னை இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில்தான் பாஸ்வேர்டு முறை முதலில் பரவலானது. 1962-லேயே அங்கிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், தனக்குக் கூடுதல் கணினி நேரம் வேண்டும் என்பதற்காக எல்லாருடைய பாஸ்வேர்டையும் அச்செடுத்துவிட்டார். பாஸ்வேர்டுக்கு எவ்வளவு வயதோ, கிட்டத்தட்ட அதே வயது பாஸ்வேர்டு திருட்டுக்கும்.

பாஸ்கீ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. நீங்கள் ஒரு தளத்தில் பாஸ்கீ உருவாக்கினால், உங்கள் போன் இரண்டு டிஜிட்டல் சாவிகளைத் தயாரிக்கும். ஒன்று உங்களிடமே இருக்கும். அதுதான் ரகசியச் சாவி. மற்றொன்று அந்தத் தளத்துக்குப் போகும். அதைப் பொதுச் சாவி என்று சொல்லலாம்.

அடுத்த முறை லாகின் செய்யும்போது, தளம் உங்கள் போனுக்கு ஒரு புதிரை அனுப்பும். நீங்கள் கைரேகை வைத்தாலோ, முகத்தைக் காட்டினாலோ, போனைத் திறக்கும் பின் நம்பரைப் போட்டாலோ, போன் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் அந்தப் புதிருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பும். பொதுச் சாவியை வைத்து அந்தக் கையெழுத்து சரியா என்று தளம் பார்க்கும். சரி என்றால் கதவு திறக்கும். அவ்வளவுதான்.

தளத்தில் இருப்பது பொதுச் சாவி மட்டுமே. நாளை அந்த நிறுவனத்தின் தகவல்கள் திருடு போனாலும், அதை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் கணக்குக்குள் வர முடியாது.

ஓடிபி இருக்கும்போது இது எதற்கு?

ஓடிபி வந்தபோது அதுவும் பெரிய முன்னேற்றம்தான். பாஸ்வேர்டு திருடு போனாலும், கையில் போன் இல்லாமல் பணத்தை எடுக்க முடியாது என்ற நிலை வந்தது.

ஆனால் ஓடிபிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அதை வாயால் சொல்லிவிட முடியும்.

"சார், பேங்க்ல இருந்து பேசறோம். உங்க கார்டு இன்னிக்கு சாயங்காலம் பிளாக் ஆகிடும். இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க." இந்தக் குரலை நம்பிச் சேமிப்பைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்! இப்போது சொல்லக்கூட வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பை அனுப்புகிறார்கள். அதை நிறுவியதும், போனுக்கு வரும் எஸ்எம்எஸ் தானாகவே மோசடிக்காரருக்குப் போய்விடுகிறது. சிம் கார்டையே மாற்றி எடுக்கும் மோசடி தனி.

மோசடி இல்லாவிட்டாலும் தொல்லை உண்டு. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் பலர், ஓடிபி வர வேண்டும் என்பதற்காகவே இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறார்கள். ரீசார்ஜை மறந்துவிட்டால், கைவிட்டுப் போன எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்கே போய்விடலாம்.

பாஸ்கீயில் சொல்வதற்கு எந்த எண்ணும் இல்லை. போனில் யார் எப்படி மிரட்டிக் கேட்டாலும், உங்களுக்கே தெரியாத ஒன்றை நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? அதோடு, எந்தத் தளத்துக்காகச் சாவி உருவாக்கப்பட்டதோ அந்த முகவரியில்தான் அது வேலை செய்யும். வங்கியின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் செய்தால், நம் கண் ஏமாறலாம். போன் ஏமாறாது. சாவியை அது நீட்டவே நீட்டாது.

யாரெல்லாம் மாறிவிட்டார்கள்?

ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் தொழிலில் போட்டியாளர்கள். ஆனால் 2022 மே மாதம், ஃபிடோ கூட்டமைப்பு உருவாக்கிய பாஸ்வேர்டு இல்லாத லாகின் முறையை ஆதரிப்பதாக மூன்றும் சேர்ந்தே அறிவித்தன.

அதே ஆண்டு ஐபோன்களுக்கு பாஸ்கீ வந்தது. 2023 மே மாதம் கூகுள் கணக்குகளுக்கு வந்தது. அக்டோபரில் தனிநபர் கணக்குகளில் அதையே முதல் தெரிவாக கூகுள் காட்டத் தொடங்கியது. வாட்ஸ்அப்பும் அமேசானும் அதே மாதத்தில் சேர்ந்துகொண்டன. 2025 மே மாதம் முதல், புதிய மைக்ரோசாஃப்ட் கணக்குகள் தொடக்கத்திலிருந்தே பாஸ்வேர்டு இல்லாதவை.

சிங்கப்பூரில் வங்கிச் செயலியின் டிஜிட்டல் டோக்கனைப் பயன்படுத்துபவர்களுக்கு லாகின் ஓடிபியைப் படிப்படியாக நிறுத்துவதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள். அது பாஸ்கீ அல்ல என்றாலும் திசை ஒன்றுதான்: எஸ்எம்எஸ்-ஐ நம்பியிருப்பதைக் குறைப்பது.

இந்தியாவில் என்ன நிலை?

டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரை உறுதி செய்வது பற்றிய புதிய விதிகளை 2025 செப்டம்பர் 25 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டது. நடைமுறைக்கான தேதி 2026 ஏப்ரல் 1.

எஸ்எம்எஸ் ஓடிபி ஒழிந்துவிட்டது என்று சிலர் பரப்பியது தவறு. விதிகள் அப்படிச் சொல்லவில்லை. குறைந்தது இரண்டு தனித்தனி சரிபார்ப்புகள் வேண்டும் என்பதே அடிப்படை. உங்களுக்குத் தெரிந்த ஒன்று, உங்களிடம் இருக்கும் ஒன்று, உங்கள் உடலின் அடையாளம் ஒன்று ஆகிய வகைகளிலிருந்து அவை வரலாம். அதாவது ஓடிபி தொடரலாம், ஆனால் அது மட்டுமே வழி அல்ல.

விதிகளைப் பின்பற்றாமல் செய்த பரிவர்த்தனையால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால், அதை அந்த நிறுவனமே முழுமையாக ஈடுசெய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபரில் யூபிஐ-யில் பின் நம்பருக்குப் பதிலாகப் போனின் கைரேகை அல்லது முக அடையாளத்தைப் பயன்படுத்தும் வசதியும் அறிமுகமானது. தொடக்க வரம்பு 5,000 ரூபாய். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே.

விதி தயார், தொழில்நுட்பமும் தயார். அப்புறம் ஏன் அம்மா அந்தப் பெட்டியை மூடினார்?

சிக்கல் 1: பெயரே புரியவில்லை

பாஸ்வேர்டு, பாஸ்கோட், பாஸ்கீ. மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். தினமும் கணினியில் வேலை பார்ப்பவர்களுக்கே குழப்பம் வரும். பாஸ்வேர்டைத் தமிழில் கடவுச்சொல் என்கிறோம். கடவு என்றால் வழி. வழி திறக்கும் சொல், கடவுச்சொல். அப்படிப் பார்த்தால் பாஸ்கீயைக் கடவுச்சாவி என்று சொல்லலாம். நல்ல சொல்தான். ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு அதுவும் புரியாது.

பெயரைவிட, அது என்ன செய்யும் என்பதைச் சொன்னால் புரியும். 'பாஸ்கீ உருவாக்கவா?' என்பதற்குப் பதில், 'அடுத்த முறை இந்தச் செயலியை, உங்கள் போனைத் திறப்பது போலவே திறக்கலாம். ஓடிபி தேவைப்படாது' என்று எழுதியிருந்தால் அம்மா ஒரு நிமிடம் நின்று படித்திருப்பார். அதுவும் தமிழில் இருந்தால்.

சிக்கல் 2: கேட்கும் நேரம் சரியில்லை

பஸ்ஸில் ஏறும்போது வழிமறித்து 'ஒரு கார்டு வாங்கிக்கிறீங்களா' என்று கேட்டால் யார் நிற்பார்கள்? பணம் கட்டும் நேரத்தில் பெட்டியை நீட்டுவதும் அப்படித்தான்.

ஆட்கள் லாகின் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்க வேண்டும். புதுக் கணக்கு தொடங்கும்போது, அமைப்புகள் பக்கத்துக்குள் போகும்போது, முக்கியமாக, பாஸ்வேர்டை மறந்துவிட்டு மாட்டிக்கொண்டு ஒருவழியாக உள்ளே வந்த பிறகு. 'அப்பாடா' என்று மூச்சுவிடும் அந்த நொடியில் 'இனி மறக்கவே வேண்டாம்' என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். கணக்கு தொடர்பான வேலைகளோடு சேர்த்து பாஸ்கீயை அறிமுகப்படுத்துங்கள் என்றுதான் ஃபிடோ கூட்டமைப்பின் வடிவமைப்பு வழிகாட்டுதலும் சொல்கிறது.

'வேண்டாம்' என்று சொன்னவரிடம் தினமும் கேட்பதும் தவறு. நச்சரிக்கும் பெட்டி எதுவாக இருந்தாலும் மக்கள் அதைப் படிக்காமலே மூடப் பழகிவிடுவார்கள்.

சிக்கல் 3: 'என் கைரேகையை எடுத்துக்கிறாங்களா?'

நம் ஊரில் கைரேகை என்றதும் நினைவுக்கு வருவது ரேஷன் கடை மெஷின். அங்கே வைக்கும் விரல், ஆதார் தகவல்தொகுப்போடு ஒப்பிடப்படுகிறது. அதனால் ஒரு ஷாப்பிங் செயலி கைரேகை கேட்டால் பயம் வருவது இயல்பு.

பாஸ்கீயில் கைரேகை எங்கேயும் போவதில்லை. போனைத் திறக்க நீங்கள் வைக்கும் அதே விரல், அதே போனுக்குள்ளேயே சரிபார்க்கப்படுகிறது. தளத்துக்குப் போவது புதிருக்கான பதில் மட்டுமே. இந்த ஒரு வரி திரையில் பெரிதாக இருக்க வேண்டும். பல இடங்களில் அது 'மேலும் அறிய' என்ற சின்ன எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. வயலிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரல்களை மெஷின் ஏற்காமல் ரேஷன் கடையில் நின்ற அனுபவம் பலருக்கு உண்டு. பாஸ்கீக்கு விரல் கட்டாயம் இல்லை, போனின் பின் நம்பரே போதும். ஆனால் திரையில் விரல் படம் மட்டும் இருந்தால், 'இது நமக்கு ஆகாது' என்று அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

சிக்கல் 4: போன் தொலைந்தால்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

பெரும்பாலான பாஸ்கீகள் போனோடு அழிந்துவிடுவதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கிலும், ஐபோன் என்றால் ஐகிளவுடிலும் குறியாக்கம் செய்து சேமிக்கப்படுகின்றன. புதுப் போனில் அதே கணக்கில் நுழைந்து, பழைய போனைத் திறக்கப் பயன்படுத்திய பின் நம்பரைப் போன்ற ஒன்றைக் கொடுத்தால், சாவிகள் திரும்ப வந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. இப்போது ஒரு கேள்வி. உங்கள் அம்மாவின் கூகுள் கணக்கை உருவாக்கியது யார்?

பல வீடுகளில் பதில், 'போன் வாங்கின கடையில அந்தப் பையன்தான் போட்டுக் கொடுத்தான்' என்பதே. மின்னஞ்சல் முகவரி என்ன என்று தெரியாது. பாஸ்வேர்டு என்ன என்று தெரியவே தெரியாது. புதுப் போன் வாங்கினால் புதுக் கணக்கு. இத்தனை நாள் இதனால் போனது சில போட்டோக்களும் தொடர்பு எண்களும்தான். பாஸ்கீ வந்த பிறகு, எல்லாச் சாவிகளும் தொங்கும் ஆணி அந்தக் கணக்குதான். அது கடைக்காரர் அடித்த ஆணியாக இருந்தால்?

நிறுவனங்களுக்கும் இங்கே ஒரு தர்மசங்கடம். சாவியைத் தொலைத்தவர்களுக்கு 'எஸ்எம்எஸ் ஓடிபி போட்டு உள்ளே வாங்க' என்று வழி வைத்தால், மோசடிக்காரரும் அதே வழியில்தான் வருவார். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் தட்டி கட்டியது போல. அந்த வழியை முழுவதும் அடைத்தால், மாட்டிக்கொள்வது நம் பாட்டிகளும் தாத்தாக்களும்.

இடைப்பட்ட வழி இருக்கிறது. மீட்புக் கோரிக்கை வந்தால் உடனே திறக்காமல் சிறிது நேரம் காத்திருக்க வைக்கலாம். அதற்குள் பழைய போனுக்கும் மின்னஞ்சலுக்கும் 'இது நீங்களா?' என்று தகவல் அனுப்பலாம். உள்ளே வந்த பிறகும் ஒரு நாளைக்குப் பெரிய தொகை அனுப்ப முடியாதபடி வைக்கலாம். வங்கி என்றால் கிளைக்கு நேரில் வரச் சொல்லலாம். இந்த வழியை முதல் நாளே யோசித்து வைக்காத நிறுவனம் பாஸ்கீ தருவது, பூட்டை விற்றுவிட்டு மாற்றுச் சாவி தராமல் போவது போலத்தான்.

சிக்கல் 5: ஒரு போன், நான்கு பேர்

ஒரு போனை ஓர் ஆள்தான் பயன்படுத்துவார் என்ற கணக்கில் உருவானது பாஸ்கீ. நம் வீடுகளில் அப்படி இல்லை. அப்பா போனில் பேரனின் விரல் பதிவாகியிருக்கும், கேம் விளையாட. மனைவி போனின் பின் நம்பர் கணவருக்குத் தெரியும், கணவருடையது மகளுக்குத் தெரியும்.

போனைத் திறக்க முடிந்தவரால் பொதுவாக பாஸ்கீயையும் பயன்படுத்த முடியும். பாசமான வீட்டில் இது பிரச்னை இல்லை. ஆனால் தன் சம்பளக் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு பெண்ணுக்கு, யாருக்கும் சொல்லாத ஒரு பாஸ்வேர்டு என்பது பெரிய பாதுகாப்பு. அதை எடுத்துவிட்டு 'போனைத் திறந்தாலே போதும்' என்று வைத்தால், அவருக்கு அது வசதி அல்ல, இழப்பு.

அதனால் பாஸ்கீ உருவாக்கும் திரையில் ஒரு கேள்வி இருந்தே ஆக வேண்டும்: 'இந்தப் போனை வேறு யாராவது திறப்பார்களா?' ஆம் என்றால், பணம் சார்ந்த வேலைகளுக்குத் தனியாக ஒரு பின் நம்பர் வைத்துக்கொள்ளும் வழியைக் காட்ட வேண்டும்.

நீங்கள் இப்போது என்ன செய்யலாம்?

* முதலில் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் எந்த கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். மின்னஞ்சல் முகவரியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடைக்காரர் உருவாக்கியது என்றால் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக வீட்டில் ஒருவரின் எண்ணைச் சேருங்கள்.

* போனில் யார் யார் விரல் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாததை நீக்கிய பிறகே பாஸ்கீ உருவாக்குங்கள்.

* முதல் பாஸ்கீயை உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு தொடர்புடைய மின்னஞ்சலில் இருந்து தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல்தான்.

* பிரவுசிங் சென்டர், இ-சேவை மையக் கணினிகளில் பாஸ்கீ உருவாக்கவே கூடாது. அங்கே லாகின் செய்ய வேண்டுமென்றால், திரையில் வரும் கியூஆர் கோடை உங்கள் போனில் ஸ்கேன் செய்யலாம். ப்ளூடூத் ஆன் ஆகியிருக்க வேண்டும். போன் அந்தக் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அதுதான் உறுதி செய்யும். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய மறக்காதீர்கள்.

* போன் தொலைந்தால் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், வேறு கருவியிலிருந்து அந்தப் போனைக் கணக்கிலிருந்து வெளியேற்றுங்கள். பணம் போனது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

* பாஸ்கீ வந்துவிட்டது என்பதற்காக ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். பல கணக்குகளில் இரண்டும் சில காலம் சேர்ந்தே இருக்கும்.

கடைசியாக…

பாஸ்வேர்டு மறந்தால் இத்தனை ஆண்டுகளாக நாம் நம்மைத்தான் திட்டிக்கொண்டோம். ஓடிபி சொல்லி ஏமாந்தவரையும் 'இதுகூடத் தெரியாதா' என்றோம். மனிதர்கள் மறப்பார்கள், மிரட்டினால் பயப்படுவார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காத முறையை யாரும் திட்டவில்லை.

பாஸ்கீ அந்தப் பாரத்தை நம் தலையிலிருந்து இறக்கக்கூடியது. ஆனால் திரையில் வரும் நாலு வரி புரியவில்லை என்றால், மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அம்மாதான்.

அன்று இரவு வீடியோ காலில் அம்மாவின் போனைப் பார்த்தேன். கூகுள் கணக்கில் இருந்த பெயர் எங்கள் குடும்பத்தில் யாருடையதும் இல்லை. ஊர் கடைவீதியில் இருக்கும் மொபைல் கடையின் பெயர். பாஸ்கீ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் அதை மாற்ற உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. உங்கள் வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.